ஹீட்டர் மேல் காய்ந்தது

கடைக்காரம்மா இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள்.

அவன் கேழ்வரகு மாவைக் கல்லாமேசையில் வைத்தான். கூடவே நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம், சுண்டைக்காய் வற்றல் ஒன்று. லண்டனில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்தக் கடையில்தான். அதற்காகத்தான் சனிக்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறி வருகிறான். இவளிடம் பதில் சொல்வதற்காக அல்ல.

"ஊர்ல நீங்க எந்தப் பக்கம் தம்பி?"

"செய்யாறுங்க்கா."

செய்யாறு இல்லை. செய்யாற்றிலிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டிய ஊர். பக்கத்து டவுன் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

இவள் விடுகிற ஆள் இல்லை.

"டவுனேவா? இல்ல, கொஞ்சம் தள்ளியா?"

ஊருக்குள்ளா, காலனியா என்று அர்த்தம்.

"டவுன்தாங்க்கா."

போன வாரம் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். வாத்தியார் என்றான். அதில் பொய் இல்லை. அதற்கு முந்தின வாரம் குலதெய்வம். முனீஸ்வரன் என்றான். முனீஸ்வரன் எல்லோருக்கும் பொது. அந்த ஒரு சாமி அவனை எத்தனையோ இடத்தில் காப்பாற்றியிருக்கிறது.

சாதியைத்தான் கேட்கிறாள். நேராகக் கேட்க வாய் வராமல் சுற்றி வளைக்கிறாள். விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்தும் இந்தப் புத்தி போகவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம்.

நான்கு பேராகச் சேர்ந்து எடுத்த வீடு. நான்கு பேரும் தமிழ்நாடு. அதில் பூபாலனும் இந்தக் கடைக்குத்தான் வருகிறான். இவள் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் குடிவந்தபோதே அந்த வீட்டில் இருந்த ஒருவனின் சாதியைப் பற்றி, போன வருடம் யாரோ ஏதோ சொன்னார்கள். சண்டையெல்லாம் யாரும் போடவில்லை. அந்த ஆளின் பாத்திரங்கள் மட்டும் ஒருநாள் தனி அலமாரிக்குப் போயின. ஒரே மாதத்தில் தானாகவே காலி செய்துகொண்டு போய்விட்டான்.

இவனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பாத்திரத்தை எடுத்து வைக்க உதவிகூடச் செய்தான்.

"ஞாயித்துக்கெழமைன்னா வீட்ல என்ன கறி எடுப்பாங்க?"

வந்துவிட்டது.

ஹாஸ்டலில் கேட்டிருக்கிறார்கள். சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரம்மா கேட்டிருக்கிறாள். எந்த வேஷத்தில் வந்தாலும் இந்தக் கேள்வியை அவனுக்கு அடையாளம் தெரியும்.

"ஆட்டுக்கறிங்க்கா."

கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டான்.

அவள் அவனையே பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. கதவுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

யாருக்கோ போன் போடப் போகிறாள் என்று நினைத்தான். சாமானை அப்படியே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றும் தோன்றியது.

பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றோடு திரும்பி வந்தாள். மூடியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

மஞ்சளும் உப்பும் தடவிக் காயவைத்த கறி. கோத்த நூலோடு சுருண்டு கிடந்தது.

எந்தக் கறி என்று வாசனையிலேயே தெரிந்துவிட்டது. வாயில் எச்சில் ஊறியது. இதைத் தணலில் சுட்டு, அம்மியில் ஒரு தட்டுத் தட்டி, களியோடு வைப்பார்கள் அவன் வீட்டில்.

"உப்புக்கண்டம். நானே போட்டது. இந்த ஊர்ல வெயிலு ஏது? ஹீட்டர் மேல கவுறு கட்டிக் காய வெச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "மாடுதான். நம்ம வீட்டுப் புள்ளயா இருக்குமோன்னு ரொம்ப நாளா மனசுல ஒரு இது. கொஞ்சம் எடுத்துட்டுப் போறியா தம்பி?"

நம்ம வீட்டுப் புள்ள.

பொறி என்றது மனசு. தின்கிறவனா என்று பார்க்க இப்படியும் செய்வார்கள்.

ஆனால் டப்பாவைப் பிடித்தபடியே அவள் மறுபடியும் கதவைப் பார்த்தாள். பொறி வைக்கிறவர்கள் யாராவது வந்துவிடுவார்களோ என்று பயப்பட மாட்டார்கள். அதையும் அவன் பார்த்தான்.

பார்த்த பிறகும் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

"நாங்க அதெல்லாம் தொடறதில்லக்கா."

பதினாறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகியது. பிசிறே இல்லாமல் வந்தது.

அவள் முகம் செத்துவிட்டது. மூடியை வைத்து அழுத்தினாள். சரியாக உட்காரவில்லை. அப்படியே டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். ஆள் தெரியாம கேட்டுட்டேன்."

அவனைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார். பூஜை சாமான் வாங்குறவங்க ஒருத்தரும் அப்புறம் வர மாட்டாங்க. இந்தக் கடைய நம்பித்தான் நானும் எம் பொண்ணும் இருக்கோம்."

இல்லக்கா, நானும்தான்.

அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இப்போது சொன்னால்கூடப் போதும்.

கதவு திறந்தது. குடையை மடக்கியபடி ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கறிவேப்பிலை வந்தாச்சாம்மா என்று கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பாமல் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவால்ல, விடுங்க" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான், பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுகிற குரலில். ஊரில் மேல்சாதிக்காரர்கள் அவன் அப்பாவிடம் அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.