பூமுடி

மாரக்காளின் கையிலிருந்த சவரக்கத்தி, மழிக்கும்போதே ஒவ்வொரு மயிர்க்காலையும் படித்தது. மயிர்க்கால்களைத் தின்னும் ஓர் அரிய தோல் புற்றுநோய் தென்பட்டால், பிடித்திருக்கும் கைக்கு மட்டும் தெரியும்படி அதிரும். அதிர்ந்த பதிவு கத்தியிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்; அந்தப் பதிவு உள்ளவர்களுக்குத்தான் அங்கே சிகிச்சை.

அன்று காலை கோயில் முடிகாணிக்கை மண்டபத்தில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்த நித்யகல்யாணிக்கு இடது புருவத்தில் பாதி இல்லை. பிடரியில் பொரிப்பொரியாகத் தடிப்பு.

“பூமுடிதானுங்க்கா. மூணு விரக்கடை வெட்டினாப் போதும்.”

பூமுடிக்குக் கத்திரிக்கோல்தான். கத்தி தலையைத் தொடாது.

போன வருஷமும் இப்படிப் பாதிப் புருவத்தோடு ஒருத்தி பூமுடிக்கு வந்தாள். மாரக்காள் நோயைச் சொல்லித்தான் அனுப்பினாள். கத்தி சொல்லவில்லையே என்று ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்துத் திருப்பிவிட்டார்கள். நோயைப் பற்றித் தொழிலாளிகள் வாய் திறக்கக் கூடாதென்று மண்டபத்தில் எழுதி மாட்டினார்கள். இந்தத் தை மாதம் அந்தப் பெண்ணின் புருஷன் மட்டும் குழந்தையோடு மொட்டைக்கு வந்தான். அன்றிலிருந்து எந்தத் தலையில் தண்ணீர் தெளித்தாலும் மாரக்காளுக்கு அந்தப் பாதிப் புருவம்தான் தெரிகிறது.

“முழுசாக் குடுத்துரு கண்ணு.”

“ஐயோ, அடுத்த வாரம் தங்கச்சி கல்யாணமுங்க்கா! போட்டோவுல மொட்டையாவா நிக்கறது?”

இருபது வருஷத் தொழிலில் சொல்லாத பொய்யை மாரக்காள் சொன்னாள். “சாமி கேக்குது.”

நித்யகல்யாணியின் சிரிப்பு நின்றது. கொண்டையை அவளே அவிழ்த்தாள்.

உச்சியில் கத்தி அமைதியாக இருந்தது. பிடரிக்கு வந்ததும் அதிர்ந்தது.

“ஏனுங்க்கா நிறுத்திட்டீங்க?” குனிந்தபடியே கேட்டாள். “சாமிக்கு இப்பத் திருப்திதானுங்களே?”

மாரக்காள் சந்தனத்தை எடுத்து, பிடரியைத் தொடாமல், மெல்லப் பூசினாள்.