அறுபது மூட்டைத் தேங்காய்

காலையிலேயே வாகனம் வந்து அறுபது மூட்டைத் தேங்காயையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் தேர். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் உடைபடப் போகும் தேங்காய்கள் அவை. பிள்ளையாரோடு யார் சண்டை பிடிப்பது?

ஆனால் ஐந்து வாரமாக அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான் எங்கள் ராக் ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தது. இது 2013இல். பலசரக்குக் கடையின் நிலவறை. ஐங்கரன் பாட்டும் கிட்டாரும், கிருஷாந்த் டிரம்ஸ், ஒலிப்பதிவு நான். கிருஷாந்த் உணவகச் சமையற்காரன். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில், மூன்று மணி முதல் ஆறு மணி வரை அவனுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம்தான் எங்களுக்கும்.

கடை ஐங்கரனின் அப்பா இராஜேந்திரனுடையது. சாவியைத் தந்தது அவனுடைய அம்மா. மகன் பல்கலைக்கழகத்தை விட்ட நாளிலிருந்து, மூன்று வருடமாக, தகப்பனும் மகனும் பேசுவதில்லை. இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

எங்கள் தலைக்கு மேலே பழைய பலகைத் தளம், அதன்மேல் கல்லா. அங்கே நிற்கும் இராஜேந்திரன் கனத்த மனிதர். ஆனாலும் அவருடைய காலடி ஒருநாளும் மைக்கில் விழவில்லை. மூட்டைகள் எல்லாச் சத்தத்தையும் விழுங்குகின்றன என்று நினைத்தோம். ஆல்பத்தின் அட்டையில் ‘நன்றி: தேங்காய்களுக்கு’ என்றுகூட எழுதி வைத்தேன்.

மீதி இருந்தது கடைசிப் பாட்டு மட்டும். திங்கட்கிழமை எல்லாவற்றையும் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஐங்கரன் ஒரு வரி பாடினான். வெற்று அறையில், குளியலறையில் பாடுவதுபோல் இருந்தது. மற்ற எட்டுப் பாட்டோடும் ஒட்டவே ஒட்டாது. அவன் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். எனக்கு அழுகை வந்தது.

தேத்தண்ணியோடு இறங்கி வந்த அவனுடைய அம்மா கலாவதி அன்ரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“தேங்காய் இல்லாட்டி என்ன, மேலை கடை நிறையச் சனம் நிக்குது. கூட்டிக்கொண்டு வாறன்.”

தேர்ச் சாமான் வாங்க வந்த நாற்பது பேர் இறங்கி வந்தார்கள். புறநகர் சார்செலிலிருந்து ஒரு முழுக் குடும்பம். வாழையிலைக் கட்டோடு புனிதவதி ரீச்சர். ராக் என்றால் காதைப் பொத்துகிறவர்கள்தான் பாதிப்பேர். சுவரோரம் நெருக்கிக்கொண்டு, இருமலை அடக்கி, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

எதிரொலி அடங்கியது.

ஹெட்போனை மாட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. மேலே ஐங்கரனின் அப்பா இருக்கிறார். மூட்டை இல்லாத இந்த அறையில் அவர் ஓர் அடி வைத்தாலும் இடிபோல் கேட்கும். போய்ச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

பாட்டு ஏழு நிமிடம் ஓடியது. ஓர் அடிகூடக் கேட்கவில்லை.

இன்றும் அந்த ஆல்பத்தைக் கொண்டாடுகிறவர்கள், கடைசிப் பாட்டு முடிந்ததும் வரும் அமைதியைப் பற்றித்தான் என்னிடம் பேசுகிறார்கள்.

மேலே ஏறிப் பார்த்தால் கடை இருட்டாக இருந்தது. வருடத்திலேயே அதிகம் விற்கும் நாளில் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, கல்லாவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார் இராஜேந்திரன். வெறுங்காலோடு.

மகனைப் பார்த்து, முடிந்ததா என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. அவன் தலையை ஆட்டினான்.

கலாவதி அன்ரி கல்லாவுக்கு அடியிலிருந்து செருப்பைத் தள்ளிவிட்டார். “இனி மாட்டுங்கோ. அஞ்சு கிழமையா மூண்டு மணியெண்டா இந்த மனிசன் செருப்பைக் கழட்டிப் போடும்.”

அட்டையின் நன்றியிலிருந்து தேங்காய்களை அன்றே வெட்டிவிட்டேன்.