கெட்டிலும் நாலு ஆரஞ்சும்

ஜன்னலோர மேஜையில் நாலு ஆரஞ்சு. அவற்றுக்குப் பின்னால், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கெட்டில். எதிரே ஸ்டாண்டில் பழைய ஃபிலிம் கேமரா. வெளிச்சத்தைப் பழத்தின் மேல் திருப்பிவிட வெள்ளை அட்டையைப் பிடித்தபடி நின்ற மனைவிக்குக் கை கடுத்தது.

“பழம் என்ன எழுந்து ஓடிடுமா? சட்டுன்னு எடுங்களேன்.”

“மொத்தமே முப்பத்தாறு படம். பொறுமையாத்தான் எடுக்கணும்.” கணவர் லென்ஸை மயிரிழை அளவு திருப்பினார். “அட்டையோட இன்னும் கொஞ்சம் முன்னாடி வா.”

“என்னை ஒரு நாளாவது இப்படி உத்து உத்துப் பாத்திருப்பீங்களா?”

“உன் பக்கம் கேமராவைத் திருப்பினா மூஞ்சியை மூடிக்குவ. ஆரஞ்சு மூடிக்காது.”

கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் அவள் உள்ளங்கைதான் தெரியும்.

அடுத்த வாரம் பிரிண்ட் வந்தது. கவரைப் பிரித்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“காலையெல்லாம் என்னை நிக்க வெச்சு எடுத்த லட்சணமா இது? ஒரு படத்துலகூட ஆரஞ்சு தெளிவா இல்லையே.”

“கெட்டிலைப் பாரு.”

பார்த்தாள். கெட்டிலின் வயிற்றில் குட்டியாக, துல்லியமாக அவள். ஒன்றில் கொட்டாவி விட்டாள், ஒன்றில் அவரைத் திட்டினாள், மற்றவற்றில் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை தானாக முகத்துக்குப் போனது.

“இப்ப மூடி என்ன பிரயோஜனம்?” என்றார் கணவர்.