ஓசி சிடி

சுரேஷின் மானத்தை வாங்க ஒரு சிடி போதும். சித்ரகலாவின் கைப்பையில் அது தயாராக இருந்தது. அதிலிருந்த ஓசி சாஃப்ட்வேரில் பிடிஎஃப் போட்டால், பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே 'சோதனைப் பிரதி' என்று சிவப்பில் விழும். நாளைக்கு வரும் ஜெர்மன்காரம்மா முன்னால் அவன் நன்றாக அசடு வழியட்டும்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அளவு, துணி, தையல் என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, நூற்றுப்பன்னிரண்டு பனியன் டிசைன்களுக்கும் ஃபைல் தயாரித்தவள் அவள். எல்லாம் தன் வேலை என்று முதலாளி கன்னையனிடம் சொல்லிவிட்டான் மேனேஜர் சுரேஷ். தயாரித்தவருக்கே ஜெர்மன் ஆர்டரின் முழுப் பொறுப்பு என்று முதலாளியும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"பிடிஎஃப் போட என்னம்மா வழி?" என்று வந்து நின்றான் சுரேஷ்.

"மூணு பாத்தேனுங்க சார். ஒண்ணு ஆனை விலை. ஒண்ணு ஓசி. இன்னொண்ணு எண்ணூறு ரூபாயிங்க, கட்டமெல்லாம் கலையாம வருது. கடைசி ரெண்டும் கையில இருக்குதுங்க."

"எதையோ ஒண்ணைப் போட்டு இன்னைக்கே முடி."

சித்ரகலா பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துச் செருகினாள். பாதியில் நின்று, திரையில் ஒரு பெட்டி வந்தது.

"யூஸர் பேரு கேக்குதுங்க சார்."

"எதையாச்சும் அடிச்சுத் தொலைம்மா. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்குது." அவன் போயே விட்டான்.

அவள் அடித்தாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் ஜெர்மன்காரம்மா லேப்டாப்பில் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். கதவோரம் நின்றிருந்த சித்ரகலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எங்கேயும் சிவப்பு இல்லை; ஓசி சிடி அவள் பையிலேயேதான் கிடந்தது. கட்டங்கள் பளிச்சென்று இருந்தன.

"பிரமாதம்!" என்றார் அந்தம்மா ஆங்கிலத்தில். "இதைச் செய்தது யார்?"

சுரேஷ் நெஞ்சை நிமிர்த்தினான். "முழுக்க நான்தான். பிடிஎஃப் போட்டதுகூட நானே. வேற ஒருத்தர் கை இதுல படலை."

அந்தம்மா புன்னகையோடு ஃபைலின் விவரப் பக்கத்தைத் திறந்தார். புருவம் சுருங்கியது. அடுத்த ஃபைலையும், அதற்கடுத்ததையும் பார்த்துவிட்டு, லேப்டாப்பைக் கன்னையன் பக்கம் திருப்பினார்.

கன்னையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏனுங்க சுரேஷ், தயாரிச்சவங்க பேரு எல்லாத்துலயும் சித்ரகலான்னு இருக்குதுங்களே?"