சுண்ணாம்புச் சத்து

ஏணியிலிருந்து இறக்கி நேராக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வலது குதிகாலை இயந்திரத்துக்குள் வைக்கச் சொன்னார்கள். அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைக்க நர்ஸுக்கு மூன்று துணி ஆயிற்று.

எலும்பு வலிமை முகாமுக்கு முதல் ஆள் இன்னும் வந்து சேரவில்லை. வீடியோ எடுப்பவர் வந்துவிட்டார். மேடைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த இவர்தான் கைக்குச் சிக்கினார்.

தலைவர் அணைந்தபெருமாள் மைக்கைப் பிடித்தார். பேனரில் அவர் பெயருக்கு முன்னால் 'எலும்புக் காவலர்' என்று இருந்தது. பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று போடவில்லை. பேனர் அடித்தவர் கொடுத்திருக்கலாம்.

உழைக்கும் பெரியவர் ஒருவரோடு தொடங்குகிறோம் என்றார்.

பெரியவருக்கு ஐம்பத்தாறு வயது. தலைவருக்கு அறுபத்திரண்டு.

இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது.

மைனஸ் மூன்று புள்ளி ஆறு.

டாக்டர் சின்ன வயதுக்காரர். சீட்டை இரண்டு தடவை பார்த்தார். உடம்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை என்றார்.

வெள்ளையடிக்க வந்தவர் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. விரலிடுக்கில் வெந்த தோல்.

"நாப்பது வருசமா அதுக்குள்ளதான சார் கெடக்கேன்."

மைக் பக்கத்திலேயே இருந்தது. அதற்குள் ஆள் சேர்ந்திருந்த மண்டபம் சிரித்தது. தலைவர் எல்லோருக்கும் கடைசியாகச் சிரித்து முடித்தார்.

சொன்னவர் கேலிக்குச் சொல்லவில்லை.

டாக்டரும் சிரிக்கவில்லை. குரலைத் தணித்து, இனி ஏணி ஏறவே கூடாது என்றார். விழுந்தால் இடுப்பெலும்பு சுக்கல். அப்புறம் படுக்கைதான். பால் குடிப்பீர்களா என்று கேட்டார்.

டீயில் ஊற்றுவார்கள் என்றார் அவர்.

டாக்டர் ஒரு தாள் தந்தார். வழவழப்பான தாள். தினம் இரண்டு டம்ளர் பால். கேழ்வரகுக் கூழ். முருங்கைக்கீரை. எள்ளுருண்டை. முள்ளோடு மெல்லும் நெத்திலி. எல்லாம் கலர் படமாக. பால் டம்ளருக்குப் பக்கத்தில் தலைவரும் இருந்தார்.

ஏணி ஏறாமல் வெள்ளையடிப்பது எப்படி என்று அதில் இல்லை.

பிறகு ஒரு பால்பவுடர் டப்பாவைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் டப்பா அடுத்தவர் கைக்குப் போயிற்று. முகாமுக்கே ஒரு டப்பாதான்.

தலைவருக்குப் பாதாம்பால் வந்தது. உறிஞ்சியபடியே வீடியோக்காரரின் திரையை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

மைக்கை அணைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏய், பேனருக்கு மேல அந்த மூல விட்டுப்போச்சு பாரு. என் தலைக்கு மேல அழுக்காத் தெரியுது. ஏறி ஒரு இழுப்பு இழுத்துரு."

அவர் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் தலைவரைப் பார்த்தார். பிறகு அடுத்த குதிகாலைப் பார்த்தார்.

மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் முக்கி எடுத்தார் அவர். ஏணியைச் சாத்தினார். அதன் ஒரு கால் ஆடியது. காலையில் முட்டுக் கொடுத்திருந்த ஓட்டுச்சில்லை யாரோ பெருக்கித் தள்ளியிருந்தார்கள்.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். பால் படம் உள்பக்கம் போகும்படி நான்காக மடித்தார். ஏணிக்காலுக்கு அடியில் செருகினார்.

முதல் படியில் கால் வைத்துப் பார்த்தார்.

இன்னும் ஆடியது.

டாக்டர் நிமிர்ந்தார். மேசையிலிருந்த தாள்கட்டிலிருந்து இன்னொன்றை உருவி நீட்டினார்.