கழலாத ஃபில்டர்

பழைய ஆயிலை வடித்தாயிற்று; ஃபில்டர்தான் கழலவில்லை. கையால் இறுக்கினால் போதுமென்று கடையில் படித்துப் படித்துச் சொல்லியும், போன தடவை ஸ்பானர் போட்டு முறுக்கியவர் சேவியர்தான். இப்போது காருக்கடியில் மல்லாந்து கிடந்து, கை வழுக்காமலிருக்க ஃபில்டர்மேல் உப்புத்தாளைச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தார். வெளியே பெட்டியோடு மகள் ஜெனிட்டா. நாளைக் காலை ஓசூரில் அவள் வேலைக்குச் சேர வேண்டும்; காரிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார்.

"யப்பா, அங்கேயே குடியேறிட்டீங்களா?"

"அசைய மாட்டேங்குதும்மா."

"போன வருச வேலைக்கும் இப்படித்தான் ஏதோ சொல்லிப் போகவிடாம நிறுத்துனீங்க. நான் பஸ்லயே போயிருதேன்."

"இரு, இப்ப வந்துரும்."

அந்த நேரம் பார்த்து, ஃபில்டர் அவர் உள்ளங்கைக்குள் தளர்ந்து மெல்லச் சுழன்றது. சேவியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அதை மறுபடியும் இறுக்கினார்.

காருக்கடியிலிருந்து பெட்டியின் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன. அவை உருளத் தொடங்கியிருந்தன.