அடுத்தவன் பெட்டி

இதை எனக்கு முதலில் சொன்னது என் சின்ன மருமகள், போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் நடந்தது.

அங்கே கம்ப்யூட்டர் செய்கிறார்கள். அதை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டமும் அவர்களே எழுதியதுதான். முதலாளிக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

"மற்ற கம்பெனிக்காரங்க கேக்கறாங்க சார். சிஸ்டத்தை மட்டும் தனியா வித்தா என்ன?" என்றார் மேனேஜர்.

"என் சிஸ்டம் என் பெட்டியிலதான் ஓடும். அடுத்தவன் பெட்டியில ஏத்தறதுக்குப் பதிலா கடையைச் சாத்திட்டுப் போயிடுவேன்!"

"ஏற்கெனவே ஏத்தியாச்சு சார்," மேனேஜர் இழுத்தார். "எப்படி ஏத்தறதுன்னு நம்ம ஹெல்ப்லைன் பொண்ணு போன்லயே யாருக்கோ பாடம் எடுத்திருக்கு. ரெக்கார்டு ஆகியிருக்கு."

முதலாளிக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்தப் பெண் வந்து தலைகுனிந்து நின்றாள்.

"சம்பளம் இங்க, சேவகம் அங்கயா? யாரும்மா அது?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன் சார்."

"அப்போ நாளையிலேருந்து வர வேண்டாம். ரெக்கார்டைப் போடுங்க மேனேஜர், எல்லாரும் கேக்கட்டும்!"

"ஐயோ சார், தனியாக் கேளுங்க..." என்று அந்தப் பெண் பதறினாள்.

"போடுங்க!"

ஸ்பீக்கரில் ஒரு அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"என் பையன் குடுத்த கம்ப்யூட்டர் ஏரோப்ளேன் மாதிரி இரையுது கண்ணு. பக்கத்துல உக்காந்து பிரார்த்தனை பண்ண முடியல. அதான் வேற கம்பெனிக்காரன் பெட்டியை வாங்கிட்டேன். ஆனா உள்ள ஓடறது என் பையன் எழுதினதா இருக்கணும். அதை விட மனசு வரல. உங்க முதலாளிதான் அவன். அவன்கிட்ட சொல்லிடாதே, பாவம், முகம் வாடிடுவான்."

ஹாலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

முதலாளி அந்தப் பெண்ணையே பார்த்தார். வேலை போகும் என்றபோதும் வாய் திறக்காதவள்.

"மேனேஜர், எல்லா கம்பெனிக்கும் வித்துடலாம். சொல்லிக் குடுக்கற வேலை இந்தப் பொண்ணுக்கு," என்றார். "அப்புறம், முதல்ல நம்ம பெட்டியோட இரைச்சலைக் குறைங்கய்யா!"

அந்த ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போனாராம். துணி போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, "சத்தமே இல்லையேம்மா?" என்றாராம்.

"உன் பெட்டியாச்சே, ராசா!"

"ஆமாம்மா," என்று சொல்லிவிட்டு வந்தாராம். மறுநாள் ஆபீசில் அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

அந்த அம்மாவை நீங்கள் எங்கேயாவது பார்த்தால், மகனுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.